கோரைக்கிழங்கும் கைவைத்தியமும்

கடலூர் மாவட்டத்தில், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்துக்குத் தென்கிழக்கே அமைந்திருக்கிறது ஸ்ரீமுஷ்ணம். அவ்வூரின் பெயரைக் கேட்டதும் பூவராகப் பெருமாள் கோயிலே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆயினும் சிதம்பரம், பரங்கிப்பேட்டை வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு அப்பெயர் அந்நியமானதன்று. ஆண்டுதோறும் மாசி மகத்தையொட்டிப் பூவராகர் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்குச் செல்வார். அவ்வேளையில் கிள்ளை தைக்காலில் உள்ள சையது ஷா ரஹ்மத்துல்லா தர்காவின் முன்பு ஊர்வலம் நிற்கும். முஸ்லிம் பெரியவர்கள் முன்வந்து மரியாதை செய்வார்கள். கோயிலாரும் பதில் மரியாதை செய்வார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம் இது. நோயுற்றிருந்த நவாப் ஒருவர் அக்கோயிலிலிருந்து அனுப்பப்பட்டதை உட்கொண்டு குணமடைந்தார் என்றும், அதிலிருந்தே இந்த உறவு தோன்றியது என்றும் ஊரில் ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மையை ஆராய்வது நம் நோக்கமன்று. நம் கவனத்தை ஈர்ப்பது அக்கோயிலில் நிவேதனமாகும் பொருள். அது கோரைக்கிழங்கு!

வயலில் உழவர்கள் சலித்துக்கொண்டு பிடுங்கி எறியும் அதே கோரையின் கிழங்குதான். பிடுங்கப் பிடுங்க முளைக்கும். உலகின் மிகக் கொடிய களைகளில் ஒன்று என்று வேளாண் அறிஞர்கள் இதைப் பழிப்பார்கள். மண்ணுக்கடியில் கறுத்துச் சிறுத்துக் கிடக்கும் அக்கிழங்கைக் கழுவி உலர்த்தினால் அருமையான மணம் வீசும். பன்றி விரும்பி அகழ்ந்து உண்ணும் கிழங்காதலால் வராக மூர்த்திக்கு உரியது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அது அவர்கள் வழிபாடு; நமக்கு நம் மார்க்கம் உண்டு. ஆனால் கிழங்கைப் படைத்தவன் எல்லாவற்றையும் படைத்த ஏக இறைவன் அல்லவா? அதில் அவன் வைத்த குணம் யாவருக்கும் பொதுவானது.

அன்பு வாசகர்களே! இக்கிழங்குக்கு எத்தனை பெயர்கள் என்று பாருங்கள். சித்த மருத்துவர் இதைக் கோரைக்கிழங்கு என்றும் முத்தக்காசு என்றும் அழைத்து, சுரத்துக்கும் கழிச்சலுக்கும் செரியாமைக்கும் கொடுப்பார். ஆயுர்வேதம் பயின்றவர் முஸ்தா என்பார். காய்ச்சல்காரரின் தாகத்தைத் தணிக்கக் காய்ச்சும் ஷடங்கபானீயத்தின் ஆறு சரக்குகளுள் இதுவும் ஒன்று. யூனானி ஹக்கீமிடம் சென்றால் 'சஅத் கூஃபி' என்பார். இராக்கில் உள்ள கூஃபா நகரின் பெயரால் வழங்கும் சரக்கு என்று பொருள். இரைப்பையைப் பலப்படுத்த ஹக்கீம்கள் கொடுக்கும் ஜவாரிஷ் ஜாலீனூஸ் என்ற லேகியத்தில் இது சேர்கிறது. ஜாலீனூஸ் என்பது கிரேக்க மருத்துவர் காலனின் அரபுப் பெயர். அந்த ஒரு லேகியத்துக்குள் கிரேக்கரின் பெயரும், கூஃபாவின் கிழங்கும், திருமறையில் சுவனத்துப் பானத்தோடு சேர்த்துக் குறிக்கப்பட்ட ஸஞ்சபீல் என்னும் இஞ்சியும், நம் நாட்டுத் திப்பிலியும் கூடியிருக்கின்றன. கி.பி. 850ஆம் ஆண்டளவில் அலீ இப்னு ரப்பன் அத்தபரீ 'ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா' என்ற மருத்துவப் பெருநூலை எழுதியபோது இந்திய மருத்துவத்துக்கென்றே அதில் ஒரு பகுதியை ஒதுக்கினார். நல்லது எங்கிருந்து வந்தாலும் பெற்றுக்கொண்ட காலம் அது. தமிழகத்திலும் அந்நிலையே இருந்தது. சித்தர்களுள் ஒருவரான இராமதேவர் மக்கா சென்று யாக்கோபு என்ற பெயர் பூண்டார் என்று தமிழ் மருத்துவ மரபு கூறும். ஹக்கீம் பா. முகம்மது அப்துல்லா சாயபு அவர்கள் பல பாகங்களாகத் தமிழில் எழுதிய 'அனுபவ வைத்திய நவநீதம்' இன்றும் வைத்தியர் வீடுகளில் புரட்டப்படுகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 'நோயைத் தந்தவன் இறைவன், தீர்ப்பவனும் அவனே. மருந்து எதற்கு?' என்று கேட்போர் நம்மிடையே இன்றும் உண்டு. இதே கேள்வியைப் பாலைவனத்து அரபிகள் சிலர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். மருந்து செய்துகொள்ளுமாறு நாயகம் பணித்தார்கள். முதுமை ஒன்றைத் தவிர ஏனைய பிணிகளுக்கெல்லாம் இறைவன் மருந்தையும் வைத்திருக்கிறான் என்று விளக்கினார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் வழியாக இச்செய்தி நமக்குக் கிடைத்திருக்கிறது.

இன்னொரு செய்தியையும் நினைவில் வையுங்கள். நபித்தோழர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது நாயகம் (ஸல்) நலம் விசாரிக்கச் சென்றார்கள். நெஞ்சின் மீது கை வைத்துப் பார்த்தார்கள். பிறகு, தகீஃப் குலத்து ஹாரிஸ் இப்னு கலதா என்பவரை அழைத்துக் காட்டுமாறு சொன்னார்கள். அவர் வைத்தியம் அறிந்தவர் என்பதே அதற்குக் கூறிய காரணம். அபூதாவூத் தொகுப்பில் இது காணப்படுகிறது. அந்த ஹாரிஸ் இஸ்லாத்தை ஏற்றவரா இல்லையா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அன்று பார்க்கப்பட்டது அவருடைய தொழிலறிவு மட்டுமே. துஆவும் இருந்தது, நலம் விசாரிப்பும் இருந்தது. அவற்றோடு வைத்தியரும் அழைக்கப்பட்டார்.

கைவைத்தியத்துக்கும் நபிகளாரின் இல்லத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. கி.பி. 625இல் நடந்த உஹதுப் போரில் நாயகத்தின் திருமுகத்தில் காயம் ஏற்பட்டது. அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்கள் குருதியைக் கழுவினார்கள். அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் நீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். தண்ணீர் பட்டும் குருதி நிற்காமல் பெருகுவதைக் கண்ட ஃபாத்திமா (ரலி), ஒரு பாயின் துண்டை எரித்து அதன் சாம்பலைக் காயத்தில் அப்பினார்கள். குருதி நின்றது. 14ஆம் நூற்றாண்டில் நபிமருத்துவம் பற்றி விரிவாக எழுதிய திமிஷ்க் நகரத்து இமாம் இப்னுல் கய்யிம் அவர்கள், அந்தப் பாய் 'பர்தீ' என்னும் நாணலால் ஆனது என்று விளக்குகிறார்கள். பர்தீ என்பது எகிப்தியர் பண்டைக்காலத்தில் ஏடு செய்த பாப்பிரஸ். தாவர நூலார் அதையும் நம் கோரையையும் ஒரே இனத்தில் சேர்க்கிறார்கள். பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் பட்டுப்போல் நெய்யும் பாய்களும் கோரைப் பாய்களே. ஸ்ரீமுஷ்ணத்துக் கிழங்கும், உஹதுக் களத்துப் பாயும், பத்தமடைப் பாயும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது வியப்பாக இல்லையா?

ஆனால் இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, இன்று சமையலறையில் விரல் அறுபட்டால் சாம்பலைத் தேடி ஓடுவது முறையாகுமா? ஆகாது. ஃபாத்திமா (ரலி) அவர்கள் தமக்குக் கிட்டிய பொருள்களில் சிறந்ததைக் கையாண்டார்கள். அதற்கும் முன்பாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள் என்பதை நாம் கவனிப்பதே இல்லை. இன்று ஓடும் நீரில் காயத்தைக் கழுவி, தூய துணியால் அழுத்திப் பிடித்து, தேவையானால் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்வதே நம் கைக்கு எட்டிய சிறந்த வழி. சாம்பலும் சாணமும் காப்பித்தூளும் புண்ணில் நச்சுக் கிருமிகளைச் சேர்த்துவிடும். சர்க்கரை நோயாளியின் காலில் சிறு கீறல் என்றாலும் கைவைத்தியத்துக்கு இடமே இல்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டிக்கொண்டே நாளைக் கடத்தி, இறுதியில் விரலை இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

தேன் பற்றி நாம் அறிந்தது ஏராளம். அதில் மனிதர்க்கு நிவாரணம் உண்டென்று திருமறையின் 'தேனீ' அத்தியாயம் சொல்கிறது. வயிற்றுப்போக்கால் வருந்திய சகோதரனுக்காக ஒருவர் நாயகத்திடம் வந்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. தேன் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தும் போக்கு கூடிற்று என்று அவர் திரும்பி வந்தார். மறுபடியும் தேனே கொடுக்கச் சொன்னார்கள். இவ்வாறு பலமுறை நடந்த பின் நோயாளி குணமடைந்தார். மருந்தின் அளவும் கொடுக்கும் முறையும் நோய்க்கு ஏற்றவையாக இருந்தாலன்றிப் பலன் இல்லை என்ற நுட்பத்தை இப்னுல் கய்யிம் இந்நிகழ்ச்சியிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். நம் வீடுகளில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். ஒருவேளைக் கஷாயத்தைக் குடித்துவிட்டுப் 'பயனில்லை' என்பார் ஒருவர். ஒரு வாரத்தில் நிறுத்த வேண்டியதை ஓராண்டு குடிப்பார் இன்னொருவர்.

வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. குழந்தைக்குப் போக்கு கண்டால் உயிரைப் பறிப்பது உடலின் நீர் வற்றுதலே. 1971இல் வங்கதேச அகதிகள் எல்லை தாண்டி வந்து குவிந்த பொங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைத் தாய்மார்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் அளவில் மடிந்துகொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு 4க்கும் கீழே இறங்கியது. இதைவிடச் சிறந்த கைவைத்தியம் ஏது? ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீர். தேக்கரண்டியால் தலைதட்டி 6 கரண்டி சர்க்கரை. அரைக் கரண்டி உப்பு. உப்பின் அளவு கூடினால் ஆபத்து என்பதால் கண்ணளவாகப் போடாதீர்கள். கடையில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் இன்னும் நல்லது. பெரியவர்களின் மந்தத்துக்குக் கோரைக்கிழங்கும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சிய நீர் நல்ல துணைதான். ஆனால் சிறு குழந்தைக்கு இந்த நீரே முதலில். கண் குழிந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ தாமதமின்றி மருத்துவமனை.

நம் முன்னோர் மருந்தை உணவுக்குள் வைத்துப் போனார்கள். ரமளானில் நம் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். அரிசியோடும் பாசிப்பருப்போடும் வெந்தயம், பூண்டு, இஞ்சி, புதினா, கொத்துமல்லி, தேங்காய்ப்பால் எல்லாம் அதில் அடக்கம். பகலெல்லாம் காய்ந்த குடலுக்கு இதமாய் இறங்கும் பக்குவம் அது. இப்போது அதை ஓரமாய் வைத்துவிட்டு எண்ணெயில் பொரித்ததைக் கொண்டு நோன்பு திறந்து, இரவெல்லாம் நெஞ்செரிச்சல் என்று வருந்துகிறோம்! இதை ஒட்டிய இன்னொரு நபிவழி 'தல்பீனா' என்னும் பார்லிக் கஞ்சி. இறப்பு நேர்ந்த வீட்டில் கூட்டம் கலைந்தபின், துயருற்றவர்களுக்காக ஆயிஷா (ரலி) அவர்கள் இதைக் காய்ச்சச் சொல்வார்கள். நோயாளியின் நெஞ்சுக்கு இது ஆறுதல் தரும், துக்கத்தையும் சற்றே குறைக்கும் என்று நாயகம் சொல்லக் கேட்டதாகக் கூறுவார்கள். வீடு நிறைந்திருக்கும்போது பிரியாணி அனுப்ப ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எல்லாரும் போனபின் தனித்திருக்கும் கைம்பெண்ணுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுபோக யார் இருக்கிறார்கள்?

சளிக்கு ஓமவல்லி, தொண்டைக் கரகரப்புக்கு மிளகும் பனங்கற்கண்டும், வயிற்று உப்புசத்துக்குச் சீரகமும் ஓமமும், மலச்சிக்கலுக்கு ரோஜாக் குல்கந்து என்று நம் வீட்டுப் பெண்கள் அறிந்தவற்றை இங்கே எழுதி நீட்ட வேண்டியதில்லை. அறிந்தவர்கள் அறிவார்கள். எழுதப்பட வேண்டியது அவற்றின் எல்லையே.

மருத்துவம் அறிந்தவர் என்று பெயர் பெறாத ஒருவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால், அதற்கு அவரே பொறுப்பாளி என்று நாயகம் (ஸல்) தீர்ப்பளித்தார்கள். அபூதாவூதிலும் நஸாயீயிலும் உள்ள செய்தி இது. பொறுப்பு என்றால் மறுமைக் கணக்கு மட்டுமன்று, இவ்வுலகில் நட்டஈடும் உண்டு என்று மார்க்கச் சட்ட வல்லுநர்கள் விரித்துரைத்தார்கள். 'நபிமருத்துவம்' என்ற பெயரைத் துண்டுத்தாளிலும் கைப்பேசியிலும் போட்டு, எந்த நோய்க்கும் இதுவே போதும் என்று பரப்புகிறவர்கள் இந்தச் செய்தியை மட்டும் ஏன் பரப்புவதில்லை? கருஞ்சீரகம் பற்றிய நபிமொழியை எடுத்துக் காட்டிச் சர்க்கரை நோயாளியின் இன்சுலினை நிறுத்தச் சொல்பவர்களை நாம் காண்கிறோம். மரணம் நீங்கலாக எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்பது அந்நபிமொழி. இது பொதுச் சொல்லால் குறிப்பிட்ட சில நோய்களைச் சுட்டுவது என்று 10ஆம் நூற்றாண்டிலேயே விரிவுரையாளர் அல்கத்தாபீ எழுதிவிட்டார். அவர் ஈமானில் குறைந்தவரா?

கீழாநெல்லியின் கதையும் அறியத்தக்கது. மஞ்சட்காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். அதைச் சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் புளும்பர்க்குடன் சேர்ந்து முறைப்படி ஆராய்ந்தார்கள். 1988இல் இலண்டன் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்திருந்தவர்களுள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுமருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு ஆயிற்று. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர்ப் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. அப்படியானால் காமாலைக்கு இதை உண்டு குணமானோர் பொய் சொன்னார்களா? இல்லை. அசுத்த நீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும். பித்தப்பைக் கல் அடைத்து வந்த காமாலையும், பி கிருமியால் வந்த காமாலையும் எப்போதும் அப்படித் தணிந்துவிடுவதில்லை. கண்ணில் மஞ்சள் கண்டால் எந்தக் காமாலை என்று குருதியைச் சோதித்து அறிவதே முதல் வேலை. கருவுற்ற பெண்ணுக்கு வந்தால் அன்றே சோதிக்க வேண்டும்.

மூலிகைதானே, தீங்கென்ன செய்யும் என்ற எண்ணமும் தவறு. குணம் செய்யும் ஆற்றல் உடையது குற்றம் செய்யும் ஆற்றலும் உடையது. அதிமதுரத்தை நாள்தோறும் சுவைத்தால் இரத்த அழுத்தம் ஏறும். நபிமொழியில் புகழப்பட்ட ஸனா என்னும் நிலாவரையை வாரக்கணக்கில் தொடர்ந்தால் குடல் அதற்கே பழகிவிடும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது; அரிதாக அதில் இருக்கும் ஒரு வித்துக் கிருமி பச்சிளங்குடலில் நஞ்சை உண்டாக்கும். பிறந்த பிள்ளைக்குத் தேனால் சேனை தொட்டு வைக்கும் வழக்கத்தை இதனால் கைவிடுவதே நலம். தஹ்னீக் பற்றிய நபிமொழிகளில் கூறப்படுவது பேரீச்சம்பழமே. அதையும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். 'பிள்ளை வளர்ப்பான்' என்று செல்லமாக நாம் அழைக்கும் வசம்பிலும் நஞ்சுத் தன்மையுள்ள ஒரு பொருள் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கையில் கட்டுவதோடு நிற்கட்டும். உரைத்துப் புகட்ட வேண்டாம்.

கேட்டறிய இடமில்லையே என்று சொல்லவும் வழியில்லை. நாட்டு மருத்துவத்தை முறையாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதற்காகச் சென்னை மாகாண அரசு 1921இல் ஒரு குழுவை அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர், பின்னாளில் மாகாணத் தற்காலிக ஆளுநராகவும் இருந்த முகம்மது உஸ்மான் அவர்கள். 1923இல் அறிக்கை வந்தது. 1925இல் சென்னையில் அரசின் இந்திய மருத்துவப் பள்ளி பிறந்தது. சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றும் ஒரே கூரையின் கீழ்ப் பயிற்றப்பட்டன. இன்று சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவும் உண்டு. பட்டம் பெற்ற சித்த மருத்துவரையோ ஹக்கீமையோ அங்கே செலவின்றிக் காணலாம். ஆங்கில மருந்து உண்பவர்கள், கூடவே என்ன கஷாயம் குடிக்கிறோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குருதி உறையாமலிருக்க மாத்திரை உண்பவரும், அறுவைக்கு நாள் குறித்தவரும் இதில் சிறிதும் கூச்சப்படலாகாது.

கோரைக்கிழங்கை நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால், மண்போகக் கழுவி, மேல்தோலும் வேர்மயிரும் நீக்கி, நிழலில் நன்றாக உலர்த்திய பின்பே இடியுங்கள். பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்து நீங்களே பிடுங்கி வராதீர்கள். இடித்த தூளை ஈரம் புகாத பீங்கான் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் இறுகக் கட்டி வையுங்கள். ஜாடியின் மேல் ஒரு தாளை ஒட்டி, சரக்கின் பெயரையும் இடித்த தேதியையும் எழுதிவிடுங்கள். கறுத்த கிழங்குகள் எல்லாம் தூளானால் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நாளை அந்த ஜாடியைத் திறக்கப் போவது வீட்டுக்குப் புதிதாய் வந்த மருமகளாகவும் இருக்கலாம்.